சமாளிச்சுக்கிறேன்

மெடிக்கல் போர்டில் எனக்கு நாலு நிமிஷம்.
மூன்று டாக்டர்கள், சத்தம் போடும் ஒரு ஃபேன்,
மேசைமேல் என் வலது கை,
பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பை மாதிரி.
பெருவிரலை ஆட்டச் சொன்னார்கள், ஆட்டினேன்.
சுண்டுவிரலை.
ஆட்டினேன்.
நடுவில் இருந்த மூன்றும்
வியாசர்பாடி எஸ்டேட்டில் பெயின்ட் டப்பாவுக்கு
மூடி அடிக்கிற பிரஸ்ஸுக்குள்
ஆடி மாசத்து ரெண்டாம் ஷிப்டில் போனவை.
'வீட்டு வேலையெல்லாம் எப்படிம்மா?'
'சமாளிச்சுக்கிறேன் சார்.'
எழுதிக்கொண்டார்.

கல்யாணபுரத்துக்குத் தபால் வந்தது.
இருபத்திரண்டு சதவீதம்.

போர்டு வாசலிலேயே ஒருத்தர் நம்பர் கொடுத்திருந்தார்.
'ஏத்தித் தர்றேன்க்கா, வர்றதுல இருபது பர்சென்ட் குடு போதும்.'
ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.
போன விரல் மூன்று.
அதில் இருபது பர்சென்ட் என்றால்
மோதிர விரலில் பாதிக்கு மேல் அவருக்கு.
மோதிரம் ஏற்கெனவே சேட்டு கடையில் இருக்கிறது,
அதை அவரிடம் சொல்லவில்லை.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல்
கம்பெனிப் பேரைக் கேட்டதும் பேனாவை மூடினார்.
'அவங்க கேஸை நான்தாம்மா பாக்கறேன்.'
நல்ல மனுஷன், தண்ணி கொடுத்து அனுப்பினார்.

லிங்கிச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே, கைப்பிடி இல்லாத படி.
வக்கீல் சங்கமித்திரை
நாலு மணிக்கு மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்,
'காலையில எழுந்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?'
'தலை முடிவேன்.'
'எப்படி?'
'பொண்ணு முடிஞ்சு வுடுவா.'
'அப்ப உங்களால தலை முடிய முடியல.'

அந்த வார்த்தையை
எனக்காக வேறு ஒருத்தர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மீன் ஆய்வேன் என்றேன். யார் ஆய்வாங்க என்றார்.
மீன்காரம்மாதான், பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு.
பிறகு ஜாக்கெட் ஊக்கு.
மகள் ஸ்கூலில் இருந்து வரும்வரை
நைட்டிமேல் துப்பட்டாவோடு நான் இருப்பது.
'அதையுமா எழுதணும்?'
'அதைத்தான் எழுதணும்.
குணபூசணி, நீங்க சமாளிக்கிறேன் சொல்லிட்டே இருந்தா
கம்பெனிக்கு வேற சாட்சி எதுக்கு?'

எனக்குக் கோபம் வந்தது.
பதினேழு வருஷமாக அந்த வார்த்தையைத்தான்
சோற்றில் உப்பு மாதிரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
அது இல்லாமல் எப்படிப் பேசுவது என்று
யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்தார்.
'கையெழுத்து தெரியும்' என்றேன்,
கொஞ்சம் சத்தமாகத்தான்.
இடது கையில் பேனா.
வக்காலத்துத் தாளில் கு-வின் வால்
கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது.
ண-வுக்கு மூன்று சுழி வேண்டும்.
இரண்டோடு நின்றுவிட்டது.
அழிக்கப் போனேன்.
'வுடுங்க' என்றார் வக்கீல்.

பங்கு கேட்க மாட்டேன், கேட்கவும் கூடாது என்றார்.
ஸ்டாம்புக்கும் ஜெராக்ஸுக்கும் அறுநூறு.
நானூறுதான் இருந்தது.
இருபத்திரண்டு ஏறுமா என்று கேட்டதற்கு
'தெரியாது' என்றார், 'பாக்கலாம்'கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தண்ணி லாரி.
மூணாவது குடம் நிறையும்போது
எதிர்வீட்டு தில்ஷாத் கேட்டாள்,
'தூக்கிக்குவியாக்கா?'
'சமா' வரை வந்துவிட்டது.
வாயை மூடிக்கொண்டேன்.
பின்னால் வரிசை கத்துகிறது.
வழிய வழிய நிற்கிறது குடம்,
அவள் இன்னும் என் வாயையே பார்க்கிறாள்.