திரும்பக் கிடைக்காத முன்பணம்

மூன்று மாதம் முன்பு பதிவு செய்த மேசை.
ஒன்பது சுற்று, ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு,
ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது.
இடையில் நாங்கள் ரத்தானோம்.
மனுவுக்கு எண் விழுந்து, முதல் வாய்தாவும் முடிந்தது.
பணத்தை ஏன் விடுவானேன் என்று
நான்தான் செய்தி அனுப்பினேன்.
தேவநாதனிடமிருந்து
ஒரு மஞ்சள் கட்டைவிரல் வந்தது.

கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான்.
சட்டை தேய்த்திருந்தது. யார் தேய்த்தார்கள் என்று
கேட்கும் இடத்தில் நான் இல்லை.
துமா வீதியின் பழைய மஞ்சள் சுவருக்குள்
ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு இடம்.
மேசைகள் ஏழே ஏழு.

முதல் சுற்று கஞ்சி.
"காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிறது இது" என்றான்.
சிரித்துவிடக் கூடாதென்று தண்ணீர் குடித்தேன்.

பரிமாறும் பையன் பாகூர்க்காரன்.
கொரியப் பெயர்களை மனப்பாடச் செய்யுள்போல
கண்ணை மேலே செருகிக்கொண்டு ஒப்பித்தான்.
குச்சிகள் எஃகு, தட்டை, வழுக்கல்.
தேவநாதனின் முள்ளங்கித் துண்டு தப்பி
மேசையில் உருண்டு என் பக்கம் வந்து நின்றது.
எடுத்துத் தின்றேன்.
பழக்கம்.

பிறகு கிம்ச்சி, கறுத்துச் சுருங்கிய ஒரே ஓர் இலை.
நாலு வருஷம் ஜாடியில் கிடந்ததாம்.
எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வயது மூத்தது.
புளிப்பு முதலில் காதுக்கு ஏறி
அப்புறம்தான் நாக்குக்கு இறங்கியது.
"கெட்டுப்போகலியா?"
"உப்புக் கணக்கு சரியா இருந்தா கெடாது சார்."
எவ்வளவு உப்பு என்று
நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

அரிசி மது வந்தது.
தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாதாம்,
எதிரில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டுமாம்.
கோர்ட்டில் எங்களுக்குப் பேசக்கூட
ஆளுக்கொரு வக்கீல்;
இங்கே வேறு ஆளில்லை.
எனக்கு விளிம்புவரை ஊற்றினான்.
அவனுக்குப் பாதி ஊற்றினேன்,
பஸ்ஸில் போகவேண்டியவன்.

ஐந்தாவது நண்டு. பச்சையாக, சோயாவில் ஊறியது.
கடலூர் முதுநகரிலிருந்து வந்ததாம்.
"நானும் அங்கேருந்துதான் வர்றேன்,
யாரும் இப்படித் தட்டில் வைக்கல."
அந்த நண்டுக்கு அவர்கள் ஊரில்
சோற்றுத் திருடன் என்று பெயர்.
கூட வந்த சோறோ ஒரு ஸ்பூன்.
"தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா?"

பையன் வாயடைத்து நின்றான்.
ஒன்பது சுற்றில் அப்படி ஒரு சுற்றே இல்லை.
அடுத்த மேசை திரும்பிப் பார்த்தது.
எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளத் தோன்றியது,
இந்த மூன்று வருஷமும் தோன்றியதைப் போல.

சமையற்கார அம்மாவே வெளியே வந்தார்.
நரைத்த தலையில் வலை,
இரு கையிலும் ஏந்திய கிண்ணத்தில் ஆவி.
ஏதோ சொன்னார்.
"கடை திறந்து எட்டு மாசத்துல
நீங்கதான் முதல்ல கேட்டீங்களாம்" என்றான் பையன்.

ஒரு கிண்ணம், இரண்டு ஸ்பூன்.
ஓட்டுக்குள் சோற்றைப் போட்டுப் பிசைந்தான்.
காலை உடைத்து, சதையைப் பிதுக்கி
என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான்.
நான் போட்ட மனுவின் பதினோராம் பத்தி:
எதிர்மனுதாரரிடம் அக்கறை என்பதே கிடையாது.
அந்தப் பத்தி பொய்யில்லை.
நண்டும் பொய்யில்லை.

ஆறு, ஏழு, எட்டு நினைவில்லை.
ஒன்றில் புகை வாசம் இருந்தது.

ஒன்பதாவது பேரிக்காய்.
அதன்மேல் மெழுகுவத்தி.
தட்டின் ஓரம் சாக்லேட்டில் கோணல் எழுத்து:
தேவநாதன் – சங்கவி, மூன்றாம் மணநாள் வாழ்த்துகள்.
பதியும்போது அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தான்.
அழிக்க யாருக்கும் தோன்றவில்லை.
பையன் மட்டும் தனியாகக் கைதட்டினான்.
"ஊதுங்க மேடம்."
மெழுகு பேரிக்காயில் வழிந்தது.
தேவநாதன் இரண்டு விரலால் திரியை நசுக்கி
விரலைத் தண்ணீர் டம்ளரில் விட்டுக்கொண்டான்.

கடைசி பஸ் பத்தரைக்கு.
என் ஸ்கூட்டரில்தான் கொண்டுபோய் விட்டேன்.
பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.
புஸ்ஸி வீதி வேகத்தடையில் மட்டும்
என் தோளில் ஒரு கை பட்டு
கம்பிக்குத் திரும்பியது.

ஏறப்போனவனிடம்,
"எலுமிச்சை போட்டுக் கையைக் கழுவு,
நண்டு வாசனை போகாது" என்றேன்.
எஞ்சின் சத்தத்தில்
படியில் நின்றபடி
"என்ன?" என்றான்.