தெற்குச் சுவர்

கடைசிப் பேருந்தை நிறுத்தியதும்
சாவியை வடக்குச் சுவரில் மாட்ட வேண்டும்.
வருகை அட்டையைத் தெற்குச் சுவரில் குத்த வேண்டும்.
வீட்டுக்குப் போகும் வாசல் மறுபடி வடக்கில்.
நடுவே மொத்தப் பணிமனையும்
மான்டெவிடியோவின் ஜூலைக் காற்றும்.

பதினோரு வருடம் நடந்தேன்.
மழையைத் திட்டினேன், முட்டியைத் திட்டினேன்,
சுவரை ஒன்றும் சொன்னதில்லை.

நெலிதா சேர்ந்த மூன்றாம் வாரம்
எங்கள் பின்னாலேயே வந்து எண்ணினாள்:
நானூற்றுப் பன்னிரண்டு அடி.
"கடிகாரம் ஏன் அங்கே இருக்கு?"
எப்பவும் அங்கேதான், என்றான் வில்மார்.
"அது பதில் இல்ல, வயசு."

அலமாரிகளைத் துழாவியதில்
விதி என்று எதுவும் அகப்படவில்லை.
அகப்பட்டது ஒரு மின்பணியாளரின் பழைய சீட்டு:
வடக்குச் சுவர்வரை கம்பி இழுக்கத் தனிக் கூலி.
பக்கத்தில் யாரோ, சிவப்பு மையில்: வேண்டாம்.

இப்போதுள்ள கடிகாரம் ஓடுவதோ
பேட்டரியில்.

நான்கு திருகாணி. ஒரு திருப்புளி.
காலையில் மேலாளர் கேட்டார்:
யாரைக் கேட்டு மாற்றினாய்?
சீட்டை நீட்டினாள்.
சிவப்பு மையை அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

எட்டு நிமிடம் மிச்சம்.
மாத்தேக் குடுவை இன்னொரு சுற்று வருகிறது.

ஆனாலும் அந்த வாரத்தில் இரண்டு இரவு
அட்டையோடு தெற்கே போய் நின்றேன்.
நான்கு ஓட்டை,
நிறம் மங்காத ஒரு சதுரம்,
அதை நோக்கி நீட்டிய என் கை.

திரும்பும்போதுதான்
முதல்முறையாக எண்ணினேன்.
எனக்கு முந்நூற்று எண்பதுதான் வந்தது.