இரண்டாவது டப்பா

காலை எட்டரை. மாங்குளம்.
பாதைக்குள் நிற்கும்போது கைபேசி தொடக்கூடாது.
தேத்தண்ணிக் கொட்டிலுக்கு வந்து
முகக்கண்ணாடியைக் கழற்றித்தான் பார்த்தேன்.
வின்னிபெக்கில் நேற்றிரவு ஒன்பது மணி.
நிதர்சன் இரண்டு படம் அனுப்பியிருந்தான்.
"அக்கா, எதை எடுக்க?"

சேட்டு, சோபா, பேசி வந்த பெண்பிள்ளை,
எதுவென்றாலும் இப்படித்தான் படம் வரும்.
இந்த முறை பாம்பு.

போவா. தென்னமெரிக்கச் சாதி.
எங்கட வெங்கிணாந்திக்குத் தூரத்துச் சொந்தம்.
முதலாவது டப்பாவில் ஒரு முழத்துக் குட்டி,
முதுகெல்லாம் சேணம் சேணமாய்,
வாலில் மட்டும் சூளைச் செங்கல் நிறம்.
இரண்டாவது மழையில் கிடந்த பாக்குமட்டை.
முதலாவது வடிவு, விலையும் இருமடங்கு.
அவன் மனம் எங்கே நிற்குமென்று எனக்குத் தெரியாதா?

புஸ்பகாந்தி எட்டிப் பார்த்தாள்.
"உன்ர தம்பிக்கு விசரோ?"
பணிஸ் தேத்தண்ணிக்குள் விழுந்துவிட்டது.

போன கிழமை என் பாதையில் மண்ணுணி ஒன்று வந்தது.
ஒரு மீற்றர் அகலம், இரண்டு பக்கமும் நூல்,
முன்னால் சிவப்புத் தடி.
கையிலிருந்ததைக் கீழே வைத்து
முழங்காலில் அப்படியே இருந்தேன்.
அதற்கு ஒரு அவசரமும் இல்லை.
நான் இரண்டு நாள் கிண்டித் துப்புரவாக்கிய மண்ணைக்
குறுக்கே கடந்து,
தடிக்கு அப்பால்,
தை மாதம்வரை நான் கால்வைக்க முடியாத இடத்துக்குள்
வயிற்றால் போனது.
அங்கே புதைந்திருக்கும் எதையும் எழுப்ப
அதன் பாரம் போதாது.
பதினொரு நிமிடம் வீண் என்று பதிந்தார்கள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து
அக்காவுக்குப் பாம்பு தெரியும் என்று நினைக்கிறான்.
நானோ மூன்று இரவு, இரண்டு டேட்டா காட் முடித்து
இவனுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

குரலில் போட்டேன்:
நிறத்தைப் பிறகு பார்.
கண் தெளிவோ? மூக்கில் நுரை கட்டுதோ?
வாயைத் திறந்து மூச்சு விடுகுதோ?
செதிலுக்கடியில் கறுப்பாய் உண்ணி ஊருதோ?
கையில் எடுத்தால் சுற்றிப் பிடிக்குதோ,
அறுந்த கயிறாய்த் தொங்குதோ?
எத்தனை தரம் தின்றது, என்ன திகதி?
கடைக்காரன் எழுதி வைத்திருக்கிறானோ?
எழுதாதவனிட்ட வாங்காதை.
எங்கட வேலையில்
ஒரு சாண் மண்ணுக்கும் கையெழுத்து இருக்கு.

பதில் வரத் தேத்தண்ணி ஆறிவிட்டது.
முதலாவது இரண்டு தரம் எலியைத் தொடவில்லையாம்.
இரண்டாவது ஐந்து தரம், ஐந்தும் திகதியோட.
பிறகு, கேட்காமலே:
"இருபத்தைந்து வருசம் இருக்குமாம், அக்கா."

எனக்கு ஒப்பந்தம் மார்கழி வரை.
அவனுக்கு வாடகை ஆறு மாதத்துக்கு ஆறு மாதம்.
இருபத்தைந்து வருசம் நிற்கப்போவதென்று
எங்கட வீட்டில் யாரும் ஒன்றையும் வாங்கினதில்லை.
கதவு வாங்கினாலும்
கழற்றிக்கொண்டு போகலாமோ என்றுதான் பார்ப்பம்.

வெளியில் மைனஸ் இருபத்தெட்டாம்.
பெட்டியின் ஒரு மூலை முப்பத்திரண்டில் நிற்கவேணும்,
ஈரமும் வேணும், ஒளிய ஒரு பொந்தும்.
இந்தக் கொட்டிலின் சூட்டுமானி
இப்பவே முப்பத்திரண்டு.
சிரிப்பு வந்தது. அவனுக்குச் சொல்லவில்லை.

"இரண்டாவதை எடு.
ஒரு கிழமைக்குத் தொடாதை. தண்ணி வை.
பூட்டு நல்லதாய்ப் போடு, இரண்டு தரம் இழுத்துப் பார்.
போய்ப் படு."

விசில் அடித்தது.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நாலாம் நாள் ஒரு படம்:
மரத்தூள், தண்ணிக் கிண்ணம், கவிழ்த்த சட்டி ஒன்று.
பாம்பைக் காணவில்லை.
"உள்ளேதான் இருக்கு" என்று எழுதியிருந்தான்.

பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாய்,
இடமிருந்து வலமாய்ப் பார்த்தேன்.
சட்டியின் விளிம்பில்
பாக்குமட்டை நிறத்தில் ஒரு விரற்கடை.

சரி என்று போட்டேன்.