எட்டு நகங்கள்

கெண்டக்கியின் கிழக்கு மடிப்பில்
நிலக்கரி லாரிகள் வராமல் நின்றுபோன சாலையோரம்
எங்கள் சபை.
வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் இரண்டாம் ஞாயிறு,
ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம்.
ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம்.
வாத்தியம் கிடையாது.
மூப்பர் ஹோபர்ட் ஓர் அடி சொல்லச் சொல்ல
அதை இழுத்து இழுத்துப் பாடுவோம்,
மலை தன் நிழலை இழுப்பதுபோல.

அன்று விடியலில்
வெந்நீரும் சோப்பும் வைத்து
குதிகாலைக் கல்லால் தேய்த்துக்
கழுவிக்கொண்டுதான் போனேன்,
கழுவப்படப்போகும் காலை.
எல்லாரும் அப்படித்தான்.
யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

ட்ரீமா ஸ்டாம்பர் தாமதமாக வந்தாள்.
பத்தொன்பது வருஷம் டேட்டனில் இருந்துவிட்டு
மார்ச்சில் திரும்பியவள்.
கத்தரித்த முடி. காதில் வளையம்.
மரத்தரையில் அவள் ஹீல்ஸ்
டக் டக்கென்று
நாங்கள் கேட்காத தாளம் போட்டது.
சவ அடக்கக் கம்பெனி இலவசமாய்த் தந்த
அட்டை விசிறிகள்
ஒரு கணம் நின்றன;
பிறகு வேகமாய் வீசின.

அவள் ஞானஸ்நானம் பெற்றது இதே ஓடையில்.
கரையில் நின்று
அந்த ஈரத் தலையைத் துவட்டிவிட்டவள் நான்.
அப்போது அது நினைவுக்கு வரவில்லை.
பெஞ்சில் என் கைப்பையைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
இடம் கொடுக்க அல்ல.

பொன்மோதிரக்காரனுக்கு முகதாட்சணியம் காட்டாதே என்பது
எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
கந்தையோடு எவன் வந்தாலும்
முன்வரிசையில் உட்கார்த்திச்
சோளரொட்டியும் பீன்ஸும் பரிமாறுவேன்.
போன பனிக்காலம் சிறையிலிருந்து வந்த பையனுக்கு
செத்துப்போன என் புருஷனின் கோட்டையே கொடுத்தேன்.
ஆகவே
தோற்றம் பார்க்கிற கூட்டத்தில் நான் இல்லை என்றே
இருந்துவிட்டேன்,
அறுபத்தோரு வயதுவரை.

ஓரம் பெயர்ந்த எனாமல் பேசின்
கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.
அடுத்த கால் அவளுடையது.

துண்டை இடுப்பில் கட்டி மண்டியிட்டேன்.
சிவப்பு ஷூவைக் கழற்றினாள்.
வெறுங்காலோடு வண்டி ஓட்டி வந்திருப்பாள்போல,
உள்ளங்காலெல்லாம் புழுதி.
இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை.
மீதி எட்டிலும்
செர்ரிப் பழ நிறத்தில் பாலிஷ்,
ஓரம் பிசகாமல்.

என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு அரித்தது.
இயந்திரமா, சர்க்கரையா, பனியா, ஒருவனா?
சொல், ட்ரீமா, ஒரு துயரத்தைச் சொல்.
அதை வாங்கிக்கொண்டு
உன் உதட்டுச்சாயத்தை மன்னித்துவிடுகிறேன்.
இப்படியொரு பேரம்
என் முட்டிக்கும் தரைக்கும் நடுவே
நடந்துகொண்டிருந்தது,
ஆண்டவருக்குக் கேட்காது என்பதுபோல.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் பட்டதும் காலை வெடுக்கென இழுத்துச்
சிரித்துவிட்டாள்.
“கூசுது, வெர்லி!”
பாட்டின் நடுவே.
மூப்பர் அடுத்த அடியை மறந்தார்.

பிறகு அவள் முறை.
குட்டைப் பாவாடைக்குக் கீழே வெறும் முட்டி
பலகையில் பதிய
என் குதிகாலைக் கையில் ஏந்தினாள்.
அவள் புழுதி கரைந்த நீரைக் கொட்டிவிட்டுப்
புதிது ஊற்றியிருந்தார்கள்.
கழுவி முடித்தும் அது
கொண்டுவந்தபடியே தெளிந்திருந்தது.
“சுத்தமாத்தான் இருக்கு,” என்றாள்,
குத்தலாய் அல்ல,
ஒரு வேலையைப் பார்க்கிறவளின் குரலில்.
எனக்குக் காது சுட்டது.

பிறந்ததிலிருந்து கத்தரி படாத என் கொண்டை
அந்த நேரம் கல்லாய்க் கனத்தது.
எத்தனை ஞாயிறு அதைச் சீவி, முடிந்து,
பின்வரிசைக்குத் தெரியும்படி
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்!
அதுதான் என் உதட்டுச்சாயம்.

அந்த இரண்டு விரல்களின் கதை
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கேட்காமல் இருப்பது
நோன்பைவிடக் கஷ்டமாயிருக்கிறது.

நேற்று மளிகைக் கடையில் பார்த்தேன்.
என் மாவு மூட்டையை வண்டியில் தூக்கி வைத்தாள்.
கைநகத்துக்குப் பச்சை பூசியிருந்தாள்.
பச்சை எனக்குப் பிடிக்கவில்லை.

அது என் கண்ணின் பாடு.