ஏழாவது கேள்வி

அடுத்த பன்னிரண்டு மாதத்தில்
விலைவாசி எத்தனை சதவீதம் ஏறும்?
படிவத்தில் ஏழாவது கேள்வி.

மூக்கையூரில் ஐஸ் கம்பெனி ஒன்றுதான்.
இஞ்ஞாசியார் நாற்காலியில் காலை நீட்டி
'அஞ்சு போட்டுக்க' என்றார்.
பேனா இறங்குமுன்
'பத்தே போடு. முழுசா இருக்கட்டும்.'
கரண்டு பில்கள் ஆணியில் குத்தியபடி
உப்புக்காற்றில் சுருண்டிருந்தன.
மேலாக இருந்ததே போன மழைக்கு வந்தது.
பாளம் என்ன விலைங்க?
'நான் சொல்றதுதாம்மா வெல.'

பாம்பனில் இரண்டு.
ரோட்டுக்கு இந்தப் பக்கம் மிக்கேல்,
அந்தப் பக்கம் நாகூர்கனி.
'அவென் என்ன சொன்னான்?'
இருவரிடமும் எனக்குக் கிடைத்த பதில்
அந்த ஒரே கேள்விதான்.
எதிரே எத்தனை பீப்பாய் டீசல் இறங்கியது,
எந்தப் படகு யாரிடம் கணக்கை முடித்தது,
ராத்திரி மிஷின் எத்தனை மணிக்கு நின்றது
இருவருக்கும் மனப்பாடம்.
டெல்லியில் என்ன ஏறினாலும்
எதிர்க்கூரையில் விழுந்து தெறித்தால்தான்
இங்கே நனையும்.

மண்டபத்தில் ஒன்பது.
ஜொகரா கேள்வியை முடிக்க விடவில்லை.
'எந்த வெலவாசி? பேரச் சொல்லிக் கேளுங்க.'
நடுராத்திரி மாறிய டீசல்,
அமோனியா சிலிண்டர், லோடு ஏத்துற கூலி,
தூத்துக்குடியில் காலை இறால்,
இறாலுக்குப் பின்னால் டாலர்.
தடைக்காலம் முடிய இன்னும் பதினோரு நாள்.
ரெண்டு ரூபாய் கூடச் சொன்னால்
விசைப்படகு அடுத்த வாசலுக்குத் திரும்பிவிடும்.
ரெண்டு ரூபாய் குறைத்தால்
வட்டிக்காரன் இந்த வாசலுக்கு வருவான்.
'அஞ்சே முக்கால். வெள்ளிக்கெழமைக்கு மேல கேட்டா
வேற சொல்லுவேன்.'
கண் சிவந்திருந்தது. தூங்கினீர்களா என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

ராமநாதபுரம் பஸ்ஸில் எல்லாவற்றையும் கூட்டி
சராசரி எடுத்தேன்.
வந்த எண்
யார் சொன்னதும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, இரவு பத்தரைக்கு, போன்.
'ஏம்மா, மூக்கையூர் இஞ்ஞாசி பேசுறேன்.
கெழக்க உடமரத்த வெட்டிக்கிட்டிருக்கான்.
கீழக்கரை ஆளு. போர் போட்டுட்டான்.
ஐஸ் கம்பெனியாம்.'
கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்.
'அந்த ஏழாவது கேள்வி...
பத்துன்னு எழுதிட்டியா?'
எழுதி அனுப்பியாச்சு, ஐயா.
'இரு, வச்சிராத.'

ஆணியிலிருந்து தாள்களை
ஒவ்வொன்றாய் உருவும் சத்தம்.