ஏனைய நாடுகள்

பாசிக்குடா ஹோட்டலின் வைன் அட்டையில்
பிரான்ஸுக்கு இரண்டு பக்கம்,
இத்தாலிக்கு ஒன்றரை,
சிலியும் ஆஸ்திரேலியாவும் ஆளுக்குப் பாதி.
கடைசித் தாளின் அடியில்,
வரி தனியாகச் சேரும் என்ற குறிப்புக்குச் சற்று மேலே
'ஏனைய நாடுகள்'.
அங்கேதான் இருந்தது, ஒரே ஒரு வரி:
பிளாவட்ஸ் மாலி, குரோஷியா.
அதிலும் ஓர் எழுத்துக் குறைவு.

கொழும்பிலிருந்து ஆறு போத்தல்,
மற்றப் பெட்டிகளோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.
ஸ்டோரில் குகதீசன் பெயரை வாசித்துவிட்டு
"பிலாப்பழத்திலயா செய்யிற?" என்றான்.
எனக்கும் தெரியாது.
லேபிளில் ஒரு கல்மதில், ஒரு கழுதை,
பொடி எழுத்தில்
இந்த வருடம் மூவாயிரத்து நூற்றுப்பத்துப் போத்தல்.
எங்கள் ஹோட்டலுக்கு ஒரு மாதத் தண்ணீர்ப் போத்தலே
அதைவிடக் கூட.

மூன்று மாதம் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்க வாயெடுத்தவர்களுக்கும் நான் சிலியைக் காட்டினேன்.
வராத பெயரைச் சொல்லப்போய்
மேசையில் மாட்டிக்கொள்ள யாருக்கு ஆசை?

மறுகா சித்திரையில்,
கடல் மூச்சுவிடாமல் படுத்துக் கிடந்த ஒரு பின்னேரம்
ஒருத்தி தனியே வந்தாள்.
தோளில் வெயில் உரித்த தோல்.
தோட்டப்பக்கத்து மலிவான அறை.
அட்டையைப் பின்னாலிருந்து திறந்தாள்.

(படிவங்களை நானும் அப்படித்தான்.
சிங்களவர், தமிழர், முஸ்லிம்,
அதற்கெல்லாம் கீழே ஒரு பெட்டி.
பல்தசார் என்றதும்
கந்தோர்க்காரரின் பேனை தானாக அங்கே இறங்கும்.)

விரலை அந்த வரியில் வைத்தாள்.
"இது என் அப்பா, அண்ணன், நான்."
சிரிக்கவில்லை.
பிறகு விடுபட்ட எழுத்தைக் காட்டினாள்.

பெயர் யத்ராங்கா.
மாலி என்றால் சின்ன.
மற்றது நீலமான ஏதோ.
சின்ன நீலன் என்று வைத்துக்கொண்டேன்.
கடலுக்குள் சரிகிற மலையாம்,
மேலே ஒரு வெயில், கல்லில் பட்டு இன்னொரு வெயில்.
டிராக்டர் ஏறாது,
அண்ணன் முதுகில் கூடை கட்டி இறங்குவானாம்.
போன வருடம் வெளிநாட்டில் ஒரு பதக்கம்.
அதிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வருகிறார்களாம்,
ஒரு வாய் குடித்துவிட்டு
"இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?" என்கிறார்களாம்.
"இங்கேதான்" என்பாராம் அப்பா,
கையைக்கூடக் கழுவாமல்.

வைனுக்கு உங்கள் பாஷையில் என்ன?
வினோ.
எங்கள் வீட்டில் வினு, என்றேன்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
போர்த்துக்கேயர் மறந்துவிட்டுப் போன பேச்சு,
டச்பாரில் இன்னும் சில வீடுகளில்
சண்டைக்கும் செபத்துக்கும் உதவுகிறது.

மறுநாள் சோடாப் போத்தலில் கொண்டுபோனேன்,
என் மச்சான் எமில் நத்தாருக்குப் போட்டதில் மிச்சம்.
முந்திரிகை வத்தல், கறுவா, சீனி, இரண்டு பரணி.
லேபிளும் இல்லை, லைசென்ஸும் இல்லை.
வெளிச்சத்தில் பிடித்தாள். மணந்தாள்.
வாயில் உருட்டி மணலில் துப்பினாள்.
என் முகம் போன போக்கைப் பார்த்து
"வேலையென்றால் துப்பத்தான் வேண்டும்" என்றாள்.
சீனி பாதி போதும்.
பரணியைக் கொதிநீரில் கழுவச் சொல்லுங்கள்.
எந்த வருடத்தது?
யாரும் எமிலிடம் கேட்காத கேள்வி.
பிறகு கிளாஸை மறுபடி நீட்டினாள்,
அதைத் துப்பவில்லை.

"குரோஷியாக்காரிக்கு என்ன தெரியும்?" என்றான் எமில்.
ஆனாலும் பரணிகளைக் கழுவிக்
கிணற்றடியில் கவிழ்த்திருந்தான்.

புது அட்டை வந்துவிட்டது.
இத்தாலிக்கும் சிலிக்கும் நடுவே
குரோஷியாவுக்குத் தனித் தலைப்பு.
எழுத்தும் சரி.
போத்தல்தான் இல்லை.
ஐந்தை ஒரு ஜெர்மன் கல்யாணம் குடித்து முடித்தது,
ஒன்றைக் குகதீசன் உடைத்தான்.
கொழும்பில் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள்,
அதுவும் மூன்று.
இப்போது விருந்தாளிகள் விரல் வைக்கும்போது
நான் பெயரைத் திருத்தமாகச் சொல்லி,
இல்லையென்று சொல்லி,
சிலியைக் காட்டுகிறேன்.

'ஏனைய நாடுகள்' இன்னும் அடியிலேயே இருக்கிறது.
ஜோர்ஜியா புதிதாக வந்து குந்தியிருக்கிறது.
சாப்பெராவி.
இரவு பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பழகுகிறேன்.
குகதீசன் இன்னும் பார்க்கவில்லை.