துளைவாய்

நவம்பர். கட்வாரியா சராயில் மூன்றாம் மாடி.
ஜன்னல் இடுக்குகளைப் பழுப்பு டேப் ஒட்டி
நேற்றுதான் அடைத்தேன்.
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை,
இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்.

திரையில் ஓர் உருண்டை.
அரை மில்லிமீட்டர் சுட்ட சுண்ணாம்பு.
வெங்காயம் போல இருநூறு தோலாய்
உரித்து வைத்திருக்கிறேன்.
வெளியே கந்தகப் புகை.
தோலுக்குத் தோல் எவ்வளவு நுழைகிறது,
நுழைந்ததில் எவ்வளவு தின்னப்படுகிறது,
கேட்பது அவ்வளவுதான்.
நட்டநடு மையத்தில் சாய்வு சுழி:
அதற்கும் உள்ளே போக உள்ளே இல்லை.

என் கணக்கில் சுண்ணாம்பு முழுக்கத் தீர்கிறது.
நாற்பது நிமிடம், நூற்றுக்கு நூறு.
நவ்தேஜின் உலைத் தராசில்
எடை ஏறுகிறது, ஏறுகிறது,
முப்பத்தெட்டில் எருமை மாதிரி படுத்துக்கொள்கிறது.

‘உன் தராசு பொய்’ என்றேன் செவ்வாய்க்கிழமை.
‘உன் கோளம்தான் பொய்’ என்றான்.
இந்தியில் சண்டை போட எனக்கு இன்னும் வராது.
பாதியில் தடுக்கி, தராசை ஆணாக்கிவிட்டேன்.
சிரித்தான்.
அதுதான் ஆறவில்லை.

ஒரு கண்ணுக்கு வெண்ணெய் என்பார்கள்.
எனக்கு ஐந்து மாதமாக
இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு.

இன்று இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்தேன்.
டேப்பின் ஓரத்தில் கறுப்பாய் ஒரு கோடு.
நுழையப் பார்த்ததெல்லாம் வாசலிலேயே படிந்து
படிந்ததே
கதவாகியிருக்கிறது.

நிரலில் பதினேழாம் வரி.
துளைமை: அரை. மாறிலி.
ஜூலையில் நான்தான் எழுதினேன்,
யாரும் ஏனென்று கேட்கவில்லை, நானும்.

புகையைத் தின்ற சுண்ணாம்பு சல்பேட் ஆகும்.
சல்பேட் பருமன்,
மூன்று பங்கு இடம் கேட்கும்.
தின்று வீங்கிய உதடுகள் துளைவாயை மூட
உள்ளே வெள்ளை வெளேரென்று
மிச்சச் சுண்ணாம்பு,
பசி தீராமல், கெடாமல்.

மாறிலியை அழித்தேன்.
நேரத்தோடும் ஆரத்தோடும் அதைக் குறையவிட்டேன்.
புதுக் கோடு ஏறியது, வளைந்தது,
படுத்தது
நாற்பத்தொன்றில்.
முப்பத்தெட்டில் இல்லை.

‘தராசு பொய்யில்லை’
மூன்று மணிக்கு அவனுக்கு அனுப்பினேன்.
உடனே நீல டிக்.
பதில் ஒரே வரி:
‘தராசு பெண்பால்.’

டேப்பை ஒரு விரல் நீளம் உரித்தேன்.
குளிர் வந்தது, கூடவே புகையும்.
முகத்தை அங்கேயே வைத்துக்கொண்டு
மீதி மூன்றை
யோசிக்க ஆரம்பித்தேன்.